இசைத்தட்டைத் தொட்ட விரல்கள்: கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் உண்மையில் என்ன செய்தார்?

1. நெடுஞ்செவி

அனைவருக்கும் வணக்கம். ராப் இசையின் தொடக்க காலத்தைப் பற்றிப் படிக்கும் எவருக்கும் முதலில் எதிர்ப்படும் பாடல் 1982ஆம் ஆண்டு வெளியான ‘தி மெசேஜ்’. அதன் உறையில் ‘கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவ்’ என்று இருப்பதைப் பார்த்து, அந்தக் கனத்த குரல் ஃப்ளாஷினுடையது என்றே பல ஆண்டுகளாக நம்பிவந்தேன். அவர் அந்தப் பாடலில் பாடவுமில்லை, இசைக்கவுமில்லை என்பதை அண்மையில்தான் அறிந்தேன்.

அப்படியானால் அவரை முன்னோடி என்று கொண்டாடுவதற்கு அடிப்படை என்ன? 2007இல் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பு முதன்முதலாக ஒரு ஹிப் ஹாப் குழுவை ஏற்றுக்கொண்டபோது அது இவருடைய குழுவாகவே இருந்தது. தான் பங்கேற்காத ஒரு பாடலின் புகழில் நிற்பவரா இவர், அல்லது நான் கேட்கத் தவறிய வேறு ஏதேனும் இருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

2. ஊசிமுனை

நண்பர் நெடுஞ்செவி, நீங்கள் கேட்கத் தவறியது இருக்கிறது. அதுதான் அவருடைய முழுப் பணியும். ஃப்ளாஷின் வாழ்க்கையை ‘தி மெசேஜ்’ பாடலிலிருந்து தொடங்கினால் எதுவும் விளங்காது. ஒரு சிறுவனின் விரல் இசைத்தட்டின் மீது படக்கூடாது என்ற வீட்டுக் கட்டளையிலிருந்து தொடங்க வேண்டும்.

அவருடைய இயற்பெயர் ஜோசஃப் சாட்லர். 1958ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பார்படோஸின் பிரிட்ஜ்டவுன் நகரில் பிறந்தார். குடும்பம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தந்தை இசைத்தட்டுகளை உயிராகச் சேகரித்தவர். மகன் அவற்றைத் தொட்டதற்காக அடித்திருக்கிறார், மகன் மீண்டும் தொட்டிருக்கிறான். அதே சிறுவன் வீட்டில் இருந்த மின்கருவிகளையெல்லாம் பிரித்துப் பார்க்கும் பழக்கம் கொண்டவன் என்பதால், சாமுவேல் காம்பர்ஸ் தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படிக்க நேர்ந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: தடுக்கப்பட்ட இசைத்தட்டு ஒருபுறம், சாலிடரிங் இரும்பு மறுபுறம். பின்னால் வந்த அனைத்துக்கும் வித்து இதுதான்.

1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் தன் தங்கை சிண்டி ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று இன்று கொண்டாடப்படுவது அந்த இரவே. பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஓய்ந்து, முரசும் பாஸ் கிட்டாரும் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் ஆடுபவர்கள் கொதித்தெழுகிறார்கள் என்பதை ஹெர்க் கண்டுகொண்டார். அந்தத் துண்டைத்தான் ‘பிரேக்’ என்பார்கள். ஒரு தட்டில் பிரேக் முடியும் தறுவாயில் அடுத்த தட்டின் பிரேக்கில் ஊசியை இறக்கி, அந்தக் கொதிப்பை அவர் நீட்டினார். ஆனால் கண்ணால் பார்த்து, குத்துமதிப்பாகத்தான் ஊசியை வைத்தார். ஒரு தாளம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் லயம் அறுந்தது. அந்தக் கணத்தில் ஆடுபவர்களின் கால்கள் தடுமாறுவதைக் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஜோசஃபும் ஒருவர்.

அவருக்கு அந்த இடைவெளி பொறுக்கவில்லை. ஒரே தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, ஒரு பிரேக் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றைப் பின்னுக்குச் சுழற்றி, அடுத்த அடி விழ வேண்டிய அதே நொடியில் அதை விடுவிப்பது என்ற முடிவுக்கு வந்தார். இதைச் செய்ய வேண்டுமானால் தந்தை விதித்த அந்தத் தடையை மீறியாக வேண்டும்: ஊசியைத் தூக்கி வைப்பதை விட்டுவிட்டு, தட்டின் மீதே விரலை வைத்துப் பிடிக்க வேண்டும்.

அங்கேதான் முதல் தடங்கல். சுழல்மேடையின் மீதுள்ள ரப்பர் விரிப்பு தட்டைப் பற்றிக்கொள்ளும் என்பதால், தட்டைப் பிடித்தால் மேடையும் நின்றுவிடும். அவருடைய தாய் தையல் வேலை செய்தவர் என்பதால் துணி வகைகள் வீட்டில் அறிமுகமானவை. ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து விறைப்பாக்கி, ரப்பருக்குப் பதிலாக விரித்தார். இப்போது அடியில் மேடை சுழன்றுகொண்டே இருக்க, மேலே தட்டு விரலுக்குக் கட்டுப்பட்டு நின்றது. ‘வேஃபர்’ என்று அவர் பெயரிட்ட அந்தத் துணி வட்டம்தான் இன்று உலகெங்கும் டிஜேக்கள், அதாவது இசைத்தட்டுச் சுழற்றுபவர்கள், விரிக்கும் ‘ஸ்லிப்மேட்’.

அடுத்தது, எவ்வளவு பின்னுக்குச் சுழற்றுவது என்ற கணக்கு. தட்டின் நடுவிலுள்ள சீட்டில் கிரேயானால் ஒரு கோடு போட்டு, அதைக் கடிகார முள்ளைப் போலப் படித்தார். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 110 அடி வேகத்தில் பதினாறு அடிகள் நீளும் ஒரு பிரேக்குக்கு ஏறக்குறைய 8.7 விநாடி, அதாவது ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவு. (இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.) கோடு தன்னைக் கடந்து செல்வதை எண்ணிக்கொண்டே தட்டைப் பின்னுக்குத் தள்ளினால், ஹெட்ஃபோன் இல்லாமல்கூட பிரேக்கின் தொடக்கத்தை ஏறக்குறையச் சரியாகப் பிடித்துவிடலாம். இதை அவர் ‘குயிக் மிக்ஸ் தியரி’ என்றார். இளைஞர் ஒருவர் தன் அறையில் தனியாகச் செய்த வேலைக்குக் கோட்பாடு என்று பெயரிட்டது மிகையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உற்றுநோக்கி, கணித்து, கருவி செய்து, சோதித்துப் பார்த்த ஒன்றுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

3. வாசல்படி

ஊசிமுனை அவர்களின் விளக்கம் அருமை. ஆயினும் ஒரு மறுப்பு. ஹெர்க் இல்லாமல் ஃப்ளாஷ் இல்லை. பிரேக்தான் பொருள் என்று கண்டவர் ஹெர்க். மேலும், இன்று டிஜே என்றதும் நம் காதில் ஒலிக்கும் அந்தக் ‘கீச் கீச்’ ஒலியான ஸ்க்ராட்ச்சைக் கண்டுபிடித்தவரும் ஃப்ளாஷ் அல்லர்; கிராண்ட் விசார்ட் தியடோர். முன்னே ஒருவரும் பின்னே ஒருவரும் இருக்கையில், நடுவில் உள்ளவருக்கு ‘கிராண்ட்மாஸ்டர்’ என்ற பட்டம் எப்படிப் பொருந்தும்?

4. ஊசிமுனை

வாசல்படி அவர்கள் சொல்லும் இரண்டும் உண்மை. நான் மறுக்கவில்லை.

தியடோர் லிவிங்ஸ்டன், ஃப்ளாஷின் தொடக்ககாலக் கூட்டாளியான, ‘மீன் ஜீன்’ என்று அழைக்கப்பட்டவரின் தம்பி. அவர்கள் வீட்டில் அண்ணன்மார் பயிற்சி செய்வதைப் பார்த்தே அந்தச் சிறுவன் கற்றான். 1970களின் நடுவில் ஒருநாள், ஓசை அதிகம் என்று தாய் கதவைத் தட்டியபோது, ஓடிக்கொண்டிருந்த தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருக்க, காதில் விழுந்த ஒலியில் இசை இருப்பதைக் கண்டுகொண்டான். பிள்ளையாக இருந்தும் அதை விட்டுவிடாமல் பல மாதம் பயின்று மெருகேற்றியது தியடோரின் பெருமை. அதில் பங்கு கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் ஓடும் தட்டைக் கையால் பிடிக்கலாம் என்ற எண்ணம் அந்த வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஹெர்க் எந்தத் துண்டு வேண்டும் என்று காட்டினார். ஃப்ளாஷ் அந்தத் துண்டைக் கைக்குள் கொண்டுவந்தார். தியடோர் கையின் அசைவையே ஒலியாக்கினார். நடுவில் இருந்தவர்தான் இசைத்தட்டு இயந்திரத்தை, கேட்பதற்கான சாதனம் என்ற நிலையிலிருந்து வாசிப்பதற்கான வாத்தியம் என்ற நிலைக்கு மாற்றினார். பட்டம் பொருந்துகிறதா என்பதை இதை வைத்தே தீர்மானிக்கலாம்.

5. பழைய ஆம்ப்ளிஃபயர்

நான் ஒலிக்கருவிகள் பழுதுபார்ப்பவன். இசை வரலாறு பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இந்த விவாதத்தில் ஒரு கருவி விடுபட்டுவிட்டது.

இரு தட்டுகளை மாற்றி மாற்றி இயக்குபவருக்கு, கூட்டம் கேட்பதற்கு முன்பே அடுத்த தட்டைத் தான் மட்டும் கேட்கும் வசதி வேண்டும். இரு தட்டுகளின் ஒலியையும் கலக்கும் கருவியான இன்றைய மிக்சர் ஒவ்வொன்றிலும் ‘க்யூ’ பொத்தானாக அது இருக்கிறது. 1970களின் நடுவில் பிராங்க்ஸ் இளைஞர்களின் கைக்கு எட்டிய விலையில் கிடைத்த மிக்சர்களில் அது இல்லை. டிஸ்கோ கூடங்களில் இசைத்தட்டுச் சுழற்றிய பீட் டிஜே ஜோன்ஸ் என்ற மூத்தவர் ஹெட்ஃபோனில் முன்கூட்டியே கேட்டு இரு தாளங்களை இணைப்பதை ஃப்ளாஷ் நேரில் கண்டார். அதைப் போன்ற ஒன்றைத் தானே செய்ய முனைந்தார். இரு தட்டுகளிலிருந்தும் வரும் மெல்லிய மின்சைகையைத் தனியாகப் பிரித்து, சிறு பெருக்கி ஒன்றால் வலுவூட்டி, இடம், நடு, வலம் என மூன்று நிலைகள் கொண்ட ஒரு சுவிட்ச் வழியாக ஹெட்ஃபோனுக்கு அனுப்பி, அந்த சுவிட்சை மிக்சரின் மேல் பசையால் ஒட்டிவிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பீக்-அ-பூ’.

இதைச் செய்வது இன்றைக்கு எனக்கு அரைமணி நேர வேலை. ஆனால் சுழல்மேடையின் ஊசியிலிருந்து வரும் சைகை சில மில்லிவோல்ட் அளவே இருக்கும். அதை இடையில் கிளைபிரித்தால் இரைச்சல் ஏறும், கூட்டத்துக்குப் போகும் ஒலியும் தளரும். கூட்டத்தின் ஒலியைக் கெடுக்காமல் அதைச் செய்திருக்கிறார், அதுவும் குப்பையில் கிடந்த வானொலிகளிலிருந்தும் மற்ற கருவிகளிலிருந்தும் பிரித்தெடுத்த உதிரிகளைக் கொண்டு. என் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்த இளைஞரை வணங்குகிறேன்.

6. வெண்பாமகள்

அன்புள்ள நண்பர்களுக்கு, கருவிகளைப் பற்றிய இந்த உரையாடல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் நெடுஞ்செவி அவர்களை இங்கே அழைத்துவந்தது ஒரு குரல். அந்தக் குரலுக்கு உரியவர்களின் பெயர் இன்னும் இந்த இழையில் வரவேயில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

‘தி மெசேஜ்’ பாடலுக்கு வித்திட்டவர் எட் ஃப்ளெச்சர். ட்யூக் பூட்டி என்ற பெயரில் அறியப்பட்டவர். ஷுகர் ஹில் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கலையகத்தில் தாளவாத்தியக் கலைஞராக இருந்தார். ஃப்ளாஷின் குழுவில் அவர் இருந்ததில்லை. நகரத்தின் நெருக்கடியைச் சொல்லும் அந்த மெதுவான பாடலை நிறுவனத் தலைவி சில்வியா ராபின்சன் குழுவிடம் கொடுத்தபோது, கொண்டாட்டத்துக்கு வருபவர்கள் தம் துயரத்தையே ஏன் மீண்டும் கேட்க வேண்டும் என்று குழு தயங்கியது. மெல்வின் குளோவர் என்ற மெல்லி மெல் மட்டும் இறுதியில் இசைந்தார். பாட்டில் ஒலிப்பவை பூட்டி, மெல்லி மெல் ஆகிய இருவரின் குரல்கள். குழுவின் மற்றவர்கள் முடிவில் வரும் தெருமுனை உரையாடலில் மட்டுமே தலைகாட்டுகிறார்கள். காணொளியில் பூட்டியின் வரிகளுக்கு வாயசைப்பவர் ரஹீம்.

பிறக்கும் குழந்தையில் தொடங்கிச் சிறையறையில் ஓர் இளைஞனின் சாவில் முடியும் கடைசிப் பகுதியை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். அது அந்தப் பாடலுக்காக எழுதப்பட்டதன்று. 1979இல் பாபி ராபின்சனின் என்ஜாய் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘சூப்பர்ராப்பின்’ என்ற கொண்டாட்டப் பாட்டின் நடுவில் மெல்லி மெல் அதை ஏற்கெனவே பாடியிருந்தார். அதிவேகத் தாளத்தில், வேடிக்கை வரிகளுக்கிடையே அது எவர் காதிலும் தங்காமல் கடந்துபோனது. மூன்றாண்டு கழித்துத் தாளம் மெதுவானபோதுதான் அந்த வரிகளின் எடை வெளிப்பட்டது. கவிதை எழுதுபவள் என்ற முறையில் இதை நான் பலமுறை நினைத்துக்கொள்வதுண்டு: சொல் மாறவில்லை, சொல்லைச் சுற்றியிருந்த இடைவெளிதான் மாறியது.

அந்தப் பாட்டு அமெரிக்க ஆர் அண்ட் பி பட்டியலில் 4ஆம் இடத்தையும் பிரிட்டனில் 8ஆம் இடத்தையும் பிடித்தது. 2002இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்புக்கு முதல் ஐம்பது பதிவுகளைத் தெரிவு செய்தபோது அதில் இடம்பெற்ற ஒரே ஹிப் ஹாப் பாட்டு இது. பூட்டியோ பின்னாளில் இசைத்துறையை விட்டு விலகி ஆசிரியரானார். சவானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 2021 ஜனவரியில் மறைந்தார். உறையில் முதலில் நிற்பது ஃப்ளாஷின் பெயர். ஒரு முன்னோடியைப் போற்றும்போது அந்தப் பெயரின் நிழலில் நின்றவர்களையும் சொல்லியாக வேண்டும் அல்லவா?

7. நெடுஞ்செவி

சகோதரி வெண்பாமகள், நான் தேடிவந்த குரலுக்கு உரியவர்களை அடையாளம் காட்டியதற்கு மிக்க நன்றி. இப்போது என் கேள்வி சற்று மாறுகிறது. ஃப்ளாஷ் கைவேலையில் இவ்வளவு பெரியவர் என்றால், தன் பெயர் தாங்கிய பாட்டிலேயே அவருக்கு வேலை இல்லாமல் போனது எப்படி? யாரேனும் திட்டமிட்டு விலக்கினார்களா?

8. ஊசிமுனை

சகோதரி சொன்னவற்றில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றமாட்டேன். நெடுஞ்செவி அவர்களின் கேள்விக்கு வருகிறேன். இதுதான் இந்த வாழ்க்கையின் மையம் என்று நினைக்கிறேன்.

பல மாதம் பயின்ற அந்தக் குயிக் மிக்ஸை ஃப்ளாஷ் 1975 வாக்கில் முதன்முதலாகக் கூட்டத்தின் முன் செய்துகாட்டியபோது எவரும் ஆடவில்லை. கைகள் செய்வதையே வியந்து பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். ஆட வைப்பதற்காகவே செய்த வேலை ஆட்டத்தை நிறுத்திவிட்டது. வீட்டுக்குப் போய் அழுததாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

கூட்டத்தின் கண்களைத் தன் கையிலிருந்து விலக்க அவர் கண்ட வழி, மேசைக்கு அப்பால் ஒரு மைக்கை வைத்து, விரும்பியவர் வந்து பேசலாம் என்று விட்டதுதான். வந்து பேசியவர்களில் கூட்டத்தைக் கட்டிப்போட முடிந்தவர் கௌபாய் என்று அழைக்கப்பட்ட கீத் விக்கின்ஸ். அவரைத் தொடர்ந்து மெல்லி மெல்லும் அவருடைய சகோதரர் கிட் கிரியோலும் வந்தார்கள். பிறகு ஸ்கார்பியோ, ரஹீம். ஒருவர் தொடங்கிய வரியை மற்றவர் பறித்து முடிக்கும் அவர்களுடைய கூட்டுப்பாணி, ஃப்ளாஷின் தாள மாற்றங்களோடு பின்னிப் பிணைந்தே வளர்ந்தது. சுழல்மேடை மட்டுமன்றி, பொத்தான்களை விரலால் அழுத்தி வாசிக்கும் தாளப்பெட்டி ஒன்றையும் ஃப்ளாஷ் மேடையில் இசைத்தார். 1976 செப்டம்பரில் ஆடுபான் பால்ரூம் போன்ற பெரிய கூடத்தை நிரப்பும் அளவுக்கு, ஓர் இசைத்தட்டுகூட வெளியிடாத நிலையிலேயே, அவர்களின் பெயர் பரவியிருந்தது.

1979ஆம் ஆண்டு வரை ராப் என்பது ஓர் இரவு நிகழ்வு. அதை ஒலிநாடாவில் பதிந்து கைமாற்றிக்கொண்டார்களே தவிர, கடையில் விற்கும் பொருளாக எவரும் எண்ணவில்லை. அந்த ஆண்டு நியூ ஜெர்சியின் எங்கிள்வுட்டிலிருந்து சில்வியா ராபின்சனின் ஷுகர் ஹில் நிறுவனம் ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டை வெளியிட்டது. பாடியவர்கள் பிராங்க்ஸ் மேடைகளில் எவரும் அறியாதவர்கள். ஒருவர் பாடியது, கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற பிராங்க்ஸ் கலைஞரின் வரிகளை, அவருடைய பெயரின் எழுத்துகளைக்கூட மாற்றாமல். அது நாடெங்கும் விற்றது. அந்தப் பதிவில் டிஜேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ தாளத்தைக் கலையகத்தில் இசைக்கலைஞர்களே வாசித்தார்கள்.

1980இல் ஃப்ளாஷின் குழு அதே நிறுவனத்தில் சேர்ந்தது. அங்கே டக் விம்பிஷ், ஸ்கிப் மெக்டொனால்ட், கீத் லெப்ளாங்க் ஆகியோர் அடங்கிய தேர்ந்த வாத்தியக் குழு இருந்தது. பிரேக்கை வாசிக்க மனிதர்கள் இருக்கும்போது தட்டைச் சுழற்றுபவருக்குக் கலையகத்தில் என்ன வேலை? எவரும் திட்டமிட்டு விலக்கவில்லை, நண்பரே. இசைத்தட்டு விற்பனை என்ற வாணிகத்தில் அவருடைய கைக்கு இடமே இருக்கவில்லை. தன் கைக்குத் துணையாக அவர் வைத்த மைக் விற்பனைக்கு உகந்ததாக இருந்தது. கை அப்படி இல்லை.

ஷுகர் ஹில்லில் ஒரே ஒரு முறை அந்தக் கை தனித்துப் பதிவானது. 1981இல் வெளிவந்த ‘தி அட்வென்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ஆன் தி வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’. ஏறக்குறைய ஏழு நிமிடம். ஷிக், க்வீன், பிளாண்டி, இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட் ஆகிய குழுக்களின் தட்டுகள், அத்துடன் தம் குழுவின் சொந்தத் தட்டு எனப் பலவற்றை மூன்று சுழல்மேடைகளில் வைத்து, வெட்டி ஒட்டாமல் நேரடியாக வாசித்தது. எங்காவது தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். நெடுஞ்செவி அவர்களே, நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

9. வாசல்படி

நான் முன்பு வைத்த மறுப்பில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். ஹெர்க் பற்றிய பாதி நிற்கட்டும். 2023 வரை ஹால் ஆஃப் ஃபேம் அவரை ஏற்காமல் காத்திருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அந்த ஏழு நிமிடப் பதிவு வந்த அதே 1981இல் நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். டைம்ஸ் சதுக்கத்தின் பாண்ட்ஸ் அரங்கில் பிரிட்டனின் ‘தி கிளாஷ்’ ராக் குழு தன் நிகழ்ச்சிக்கு முன்னால் இசைக்க இவர்களை மிகுந்த மதிப்போடு அழைத்தது. ராக் கேட்க வந்த கூட்டம் இவர்களைக் கூச்சலிட்டு விரட்டியது, கோப்பைகளை வீசியது. பிராங்க்ஸில் மூச்சடக்கி நின்று பார்த்த அதே வேலை, அதே நகரத்தின் இன்னொரு மூலையில் இசையாகவே மதிக்கப்படவில்லை.

10. பழைய ஆம்ப்ளிஃபயர்

1983க்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்பதை யாரேனும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கட்டுரைகள் ‘தி மெசேஜ்’ உடன் நின்றுவிடுகின்றன.

11. ஊசிமுனை

சுருக்கமாகவே சொல்கிறேன்; அந்த ஆண்டுகள் வேதனையானவை.

உரிமைத் தொகை முறையாக வரவில்லை என்றும், தன் பெயரைப் பயன்படுத்தும் உரிமை தனக்கே வேண்டும் என்றும் 1983இல் ஷுகர் ஹில் நிறுவனத்தின் மீது ஃப்ளாஷ் வழக்குத் தொடுத்தார். குழு இரண்டாக உடைந்தது. கிட் கிரியோலும் ரஹீமும் ஃப்ளாஷுடன் எலெக்ட்ரா நிறுவனத்துக்குச் சென்றார்கள். மெல்லி மெல், ஸ்கார்பியோ, கௌபாய் ஆகியோர் ஷுகர் ஹில்லிலேயே தங்கினார்கள். ஃப்ளாஷுக்குத் தன் பெயர் கிடைத்தது; ‘ஃப்யூரியஸ் ஃபைவ்’ என்ற பெயர் கிடைக்கவில்லை. அதே ஆண்டு வந்த ‘ஒயிட் லைன்ஸ்’ பாட்டின் உறையில் ‘கிராண்ட்மாஸ்டர் அண்ட் மெல்லி மெல்’ என்று அச்சிடப்பட்டிருந்ததால், ஃப்ளாஷும் அதில் இருக்கிறார் என்று இன்றுவரை பலர் நம்புகிறார்கள். அவர் இல்லை. ஆக, அவர் பெயரோடு பிணைத்துப் பேசப்படும் இரு பெரும் பாடல்களிலும் அவருடைய கை இல்லை.

எலெக்ட்ராவில் 1985 முதல் 1987 வரை மூன்று தொகுப்புகள் வந்தன. அவை பெரிதாகப் பேசப்படவில்லை. எனக்கும் அவற்றில் ஓரிரு இடங்களைத் தவிர எதுவும் மனத்தில் நிற்கவில்லை. அதற்குள் ரன் டிஎம்சி குழுவினர் தாள இயந்திரத்தின் வறண்ட அடிகளோடு வந்து, முந்தைய தலைமுறையின் பளபளப்பான உடைகளையும் வாத்தியக் குழுவையும் ஒரே ஆண்டில் பழையதாக்கிவிட்டார்கள். ஃப்ளாஷ் போதைப்பழக்கத்தில் வீழ்ந்தார். அதை அவர் மறைக்கவில்லை. 2008இல் வெளியான தன்வரலாற்றில் தானே எழுதியிருக்கிறார். 1987இல் குழு மீண்டும் இணைந்து, அடுத்த ஆண்டு ஒரு தொகுப்பை வெளியிட்டது. 1989இல் கௌபாய் மறைந்தார். வயது முப்பதைக்கூட எட்டவில்லை.

மீண்டு வந்தபின், 1990களின் இறுதியில் நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இசை இயக்குநராக இருந்தார். 2016இல் பிராங்க்ஸின் அந்தத் தொடக்க ஆண்டுகளைச் சித்திரித்த ‘தி கெட் டவுன்’ தொடரின் உருவாக்கத்தில் பங்கெடுத்தார். 2019இல் சுவீடனின் போலார் இசைப் பரிசு, வயலின் கலைஞர் அன்னே சோஃபி முட்டருக்கு வழங்கப்பட்ட அதே மேடையில் இவருக்கும் வழங்கப்பட்டது. ஹிப் ஹாப் கலைஞர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை. ஒரு வயலின் விரலும் ஓர் இசைத்தட்டு விரலும் ஒன்றாக மதிக்கப்பட்டதை நினைத்து அன்று நான் மிகவும் மகிழ்ந்தேன்.

12. வெண்பாமகள்

ஓர் ஐயம். அந்தக் கைவேலைக்குப் பதிவு உலகில் இடமில்லை என்றால், அது அவரோடு நின்றுபோயிருக்க வேண்டும். அப்படி நிற்கவில்லையே? 1983இல் ஜாஸ் கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் ‘ராக்கிட்’ இசையில் கிராண்ட்மிக்சர் டிஎக்ஸ்டியின் ஸ்க்ராட்ச் உலகெங்கும் ஒலித்தது. அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. ரன் டிஎம்சியிலும் ஜாம் மாஸ்டர் ஜே தட்டுகளுக்குப் பின்னால் நின்றார்.

13. பழைய ஆம்ப்ளிஃபயர்

சகோதரி சொல்வது சரி. நான் இன்னும் ஒரு படி மேலே செல்வேன். 1980களின் இறுதியில் எஸ்பி 1200, எம்பிசி 60 போன்ற சாம்ப்ளர் கருவிகள் வந்தன. பழைய தட்டிலிருந்து சில விநாடித் தாளத்தை எடுத்து, முடிவில்லாமல் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்பவை அவை. ஒரு பிரேக்கை அறுபடாமல் வட்டமாக்குவதற்கு ஃப்ளாஷ் தன் இரு கைகளாலும், இரு தட்டுகளாலும், ஒரு கிரேயான் கோட்டாலும் செய்த வேலையை அந்தக் கருவியில் ஒரு பொத்தான் செய்கிறது. பழுதுக்கு வரும் அத்தகைய கருவிகளைத் திறக்கும்போதெல்லாம், இது யாருடைய கையின் அசைவு என்று இனி நினைத்துக்கொள்வேன்.

14. நெடுஞ்செவி

தாமதமாகத் திரும்பி வருகிறேன். ஊசிமுனை அவர்கள் சொன்ன அந்த ஏழு நிமிடத்தை மூன்று இரவுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் இரவு பல பாடல்களின் கலவையாகவே கேட்டது. இரண்டாம் இரவு, ‘குட் டைம்ஸ்’ பாஸ் வரியின் மீது க்வீன் குழுவின் பாஸ் வரி வந்து அமரும் இடத்தில் நிறுத்தி, பலமுறை பின்னுக்குப் போய்க் கேட்டேன். அந்த இரு பாடல்களும் ஒன்றுக்கொன்று உறவானவை என்பதை எவரோ கையால் தொட்டுக் காட்டுவதுபோல் இருந்தது. நேற்று இரவு ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான் வேறொன்று பிடிபட்டது: ஒரு தட்டு விடுபடுவதற்குச் சற்று முன்னால், அது பிடித்து நிறுத்தப்பட்டிருப்பதை உணர முடிகிறது. ஒரு சொல் பாதியில் முன்னும் பின்னும் ஆடி, பிறகு சரியாக அடி விழும் நொடியில் விடுபடுகிறது. அங்கே குரல் எதுவும் அவருடையதில்லை. ஆனால் அவர் இருப்பது தெளிவாகக் கேட்கிறது.

பிளாண்டியின் பாடகி ஃப்ளாஷின் பெயரைச் சொல்லும் இடத்தையும் அவர் அந்தப் பதிவிலேயே சுழற்றியிருக்கிறார் என்பதை இப்போதுதான் கவனித்தேன். இன்றிரவு ‘சூப்பர்ராப்பின்’ பாட்டைத் தேடிக் கேட்கப்போகிறேன். சகோதரி வெண்பாமகள் சொன்ன அந்த வரிகள் எந்த நிமிடத்தில் வருகின்றன என்று தயவுசெய்து யாரும் இப்போதே சொல்லிவிட வேண்டாம்.